இழுக்காத கயிறு

எங்கள் சந்தில் எல்லோரும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படிச் சொல்வார்கள். அவரைவிட நான் ஏழெட்டு வயது மூத்தவன். இருந்தாலும் எனக்கும் லாத்தாதான். பதிலுக்கு அவர் என்னை அண்ணே என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

செம்பூரிலிருந்து தேவ்நார் போகும் வழியில், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பின்னால் லாத்தா வீட்டாருடைய தபேலா இருந்தது. தபேலா என்றால் தகரக் கூரை போட்ட குதிரை லாயம், அவ்வளவுதான். நாலைந்து வெள்ளைக் குதிரைகள், எல்லாமே பெண். பம்பாயில் வடக்கத்தி வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண் குதிரையில் ஏறித்தான் மண்டபத்துக்கு வருவார். முன்னால் பாண்டு, நடுவில் சொந்தக்காரர்களின் ஆட்டம், பின்னால் குதிரை. அந்த பாண்டில் கழுத்தில் டோல் மாட்டிக்கொண்டு அடிக்கிறவன் நான். என் அடிக்கு மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அது இன்றும் குறையவில்லை.

லாத்தாவை நான் முதன்முதலில் கவனித்தது ஒரு மத்தியானம். தபேலா முற்றத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் புதிதாக வந்த ஒரு குதிரை மூலையில் சுவரோடு ஒட்டி நின்றது. வேலைக்காரர்கள் எல்லோரும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல் பொறுக்கினார். எனக்கு, இந்த அம்மாளுக்குக் குதிரை என்றால் பிடிக்காது போலிருக்கிறது என்று தோன்றியது.

மறுநாளும் அதே வாளி, அதே முதுகு. அன்றைக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். இப்படியே சில நாள் போனது. ஒரு நாள் அந்தக் குதிரை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்து, அவருடைய முக்காட்டை மோந்து பார்த்தது. அவர் அப்போதும் திரும்பவில்லை. குதிரை பயந்து விலகிப் போய், திரும்பவும் வந்தது. நான் பட்டறைச் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது தெரியவில்லை.

இழுக்க மாட்டார். லாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதுதான் சொல்ல வேண்டும். குதிரையைத் தண்ணீருக்குக் கூட்டிப் போனாலும், லாடம் அடிக்கிறவனிடம் கூட்டிப் போனாலும், கயிறு நடுவில் தொங்கிக்கொண்டே இருக்கும். இதைப் பற்றி நான் கிண்டலாகக் கேட்டபோது சிரிக்காமல் பதில் சொன்னார்.

“கயிறு நடுவுல தொங்கணும்ணே. தொங்கலைன்னா அவ வரல, நாமதான் இழுத்துட்டுப் போறோம்.”

குதிரையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதர்களிடமும் அப்படித்தான். தண்ணீர்க் குழாயில் முண்ட மாட்டார். வரிசையில் யார் முந்தினாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பாதி நாள் அவருக்கு அரைக்குடம் தண்ணீர்தான் கிடைக்கும். குர்லாவில் லோக்கல் ரயில் வந்து நின்றால், ஏறுகிற கூட்டம் ஏறட்டும் என்று ஒதுங்கி நிற்பார். ரயில் போய்விடும். அடுத்த ரயிலும் போய்விடும். இவளோடு கிளம்பினால் சாயங்காலத்துக்குள் எந்த ஸ்டேஷனும் போய்ச் சேர முடியாது என்று அவருடைய கணவர் புலம்புவார். எனக்கே சில சமயம் எரிச்சல் வரும். இந்த ஊரில் இப்படி ஒரு ஆள் எப்படிப் பிழைக்க முடியும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பிழைத்தார், அதுதான் வேடிக்கை. இப்போது டோம்பிவிலிக்கும் அப்பால், குதிரைகள் ஓட இடமிருக்கிற ஒரு பக்கம் குடிபோய்விட்டார்கள் என்று கேள்வி. அங்கிருந்து ரயில் பிடித்து யார் ஊருக்குள் வருகிறார்கள் என்று தெரியவில்லை. லாத்தாவாக இருக்காது.

எங்கள் சந்தில் வெல்டிங் கடை வைத்திருந்த ஒருவருடைய மனைவி சண்டை போட்டுக்கொண்டு தாராவியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் போய்க் கூப்பிட்டார், கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் லாத்தாவிடம் வந்து அழுதார். லாத்தா சொன்னது ஒன்றுதான்: போய் எதிர் டீக்கடையில் உட்காருங்கள், கூப்பிடாதீர்கள், அந்தக் கதவைப் பார்க்கவும் பார்க்காதீர்கள், இருட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். மனிதர் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தார். நாலு நாள் பொறுத்துப் பார்த்த மாமனார் வெளியே வந்து, அக்கம்பக்கத்தில் உங்களை சிஐடி என்று பேசுகிறார்கள், தயவுசெய்து உள்ளே வந்து சாப்பிட்டுப் போங்கள் என்று கூட்டிப் போனாராம். மறுநாள் காலையில் மனைவி பையோடு வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு எங்கள் சந்தில் எந்த வீட்டில் ஊடல் வந்தாலும், போய் டீக்கடையில் உட்கார் என்பது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது.

லாத்தாவின் கணவர் கட்டிலோடு கிடந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். குதிரைத் தொழில் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சொந்தம். ஒரு ஊர்வலத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்ட குதிரை அவரைத் தள்ளி, இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து நடக்கச் சொன்னார்கள். அவர் நடக்க மாட்டேன் என்று பிடிவாதமாகக் கிடந்தார். வலி பாதி, பயம் பாதி. லாத்தா தினமும் டீ போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும் அந்த டம்ளர் கொஞ்சம் தள்ளிப் போனது. முதலில் கை எட்டும் தூரம், பிறகு எழுந்து உட்கார்ந்தால் எட்டும் தூரம், பிறகு ஜன்னல், பிறகு வாசல். வாசல்வரை வந்த பிறகுதான் மனுஷனுக்கு விஷயம் விளங்கியது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இவ என்னையும் குதிரையாக்கிட்டா மாப்ளே.”

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவர் விழுந்த பிறகு லாயத்து வேலை முழுக்க லாத்தாவின் கைக்கு வந்தது. ஊர்வலத்தில் குதிரையைப் பிடித்து நடப்பது அண்ணன்காரர் பொறுப்பு. அவரை நாங்கள் பெரியவர் என்போம். நல்ல மனிதர், தொழுகை தவறாதவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் தம்பி விழுந்ததை ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தவர். அன்றையிலிருந்து கயிற்றை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிரையின் தாடையை ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மிரண்டால் யார் ஜவாப் சொல்வது என்பார்.

சுவரோடு ஒட்டி நின்ற அந்தப் புதுக்குதிரையை வடக்கே ஒரு சந்தையில் வாங்கி வந்தவரும் பெரியவர்தான். பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் வாயின் இரண்டு ஓரமும் கடிவாளத்து இரும்பு கிழித்த தழும்பு. மேளச் சத்தம் கேட்டால் போதும், உடம்பெல்லாம் உதறும். முன்னால் வைத்திருந்தவர்கள் கட்டைக் கயிற்றில் கட்டிப்போட்டு, சுற்றி நின்று கொட்டடித்து, அசைந்தால் சாட்டையால் அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். அந்தத் தொழிலில் அது சாதாரணம். அடிக்குப் பயந்து அசையாமல் நிற்கிற குதிரையைத்தான் பழகிய குதிரை என்று விற்பார்கள். உள்ளே இருக்கிற பயம் என்றைக்காவது ஒரு நாள் நடுரோட்டில் வெளியே வரும்.

பெரியவருக்கு அவளைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். கொங்கண் கடற்கரை ஒன்றில் சவாரிக்கு விடுகிற ஒருவர் அவளைக் கேட்டிருந்தார். அங்கே போகிற குதிரைகளின் கதி எல்லோருக்கும் தெரியும். வெயில், மணல், ஏறுகிறவன் எல்லாம் உதைப்பான். லாத்தா கேட்டது அவகாசம் மட்டும்தான். தீபாவளி கழிந்து துளசி கல்யாணப் பண்டிகை முடிந்ததும் இங்கே கல்யாணங்கள் ஆரம்பிக்கும். அந்த முதல் ஊர்வலத்தில் அவள் ஒழுங்காக நடந்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் கடற்கரைக்கு அனுப்புவது என்று பேச்சாயிற்று.

அதற்குப் பிறகுதான் லாத்தா என்னைத் தேடி பாண்டு கடைக்கு வந்தார். தினமும் மத்தியானம் டோலோடு தபேலாவுக்கு வர முடியுமா என்று கேட்டார். பாண்டு மாஸ்டர் முன்னால் எனக்கு ஒரே பெருமை. நான் நன்றாக அடித்துக் காட்டுகிறேன், ஒரே வாரத்தில் பழகிவிடும் என்றேன்.

“அடிக்காண்டாம்ணே. டோல மடியில வச்சிக்கிட்டு சும்மா இருங்க.”

“சும்மா இருக்கதுக்கு நான் எதுக்கு லாத்தா? டோல மட்டும் அனுப்பி வைக்கேன்.”

“டோலுக்கா அவ பயப்படுதா? அடிக்கிற ஆளுக்குல்லா பயப்படுதா.”

என் பிழைப்பில் நான் பார்த்த கஷ்டமான வேலை அதுதான். டோலை மடியில் வைத்துக்கொண்டு அடிக்காமல் உட்கார்ந்திருப்பது. விரல்கள் தானாகத் துடிக்கும். லாத்தா எனக்கும் ஒரு வாளி கவிழ்த்துப் போட்டிருந்தார். குதிரையைப் பார்க்கக் கூடாது என்பதால் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் என்னை மோந்து பார்த்த அன்றைக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டில் போய் மனைவியிடம் பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி சொன்னேன்.

அப்புறம் லாத்தா டோலின் தோல்மேல் ஊறவைத்த கொண்டைக்கடலையைப் பரப்பினார். குதிரை டோலிலிருந்து சாப்பிட்டது. அவள் சாப்பிடும்போது நான் ஒரு விரலால் மெல்லத் தட்டுவேன், மழைத்துளி விழுகிற மாதிரி. காது திரும்பும், வாய் மட்டும் நிற்காது. விரல் இரண்டாயிற்று, கையாயிற்று, கடைசியில் குச்சி. டோலில் எச்சில் நாற்றம் அடிக்கிறது என்று மாஸ்டர் திட்டினார். தீபாவளிக்குள் நான் சந்து முனையில் டோலைத் தட்டினால் போதும், லாயத்திலிருந்து கனைப்பாள். என் கை வேலைக்கு அப்படி ஒரு ரசிகை முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்த்ததில்லை.

இதில் ஒரு தப்பு நடந்துகொண்டிருந்தது. லாத்தாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஊர்வலத்தில்தான் தெரிந்தது.

செம்பூரில் ஒரு சிந்தி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல கனமான ஆள். முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கியதால் அவருக்கு முன்னால் நடப்பது ஒன்றும் தெரியாது. பெரியவர் வழக்கம்போலக் கயிற்றை முஷ்டியில் சுற்றியிருந்தார். பெரியவர் வீட்டுப் பெண்கள் ஊர்வலத்துக்கு வருவது வழக்கமில்லை. அன்று லாத்தா வந்திருந்தார், தள்ளி நடைபாதையில்.

முதல் தெருவில் எல்லாம் அருமை. டிரம்பெட் ஊதினார்கள், சரவெடி வெடித்தது, அவள் ஒரு சிலிர்ப்புக்கூட இல்லாமல் நடந்தாள். இரண்டாவது தெரு முனையில் மாப்பிள்ளையின் அத்தைமார்கள் ஆட வட்டம் கட்டி, டோலை நடுவில் கூப்பிட்டார்கள். நான் வட்டத்துக்குள் போய் அடித்தேன். பின்னால் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தால், அத்தைமார்களை மூக்கால் விலக்கிக்கொண்டு குதிரை வருகிறாள். மேலே மாப்பிள்ளை, பக்கத்தில் இழுபட்டபடி பெரியவர்.

அவளுக்கு டோலின் பயம் போனது மட்டுமில்லை, டோல்மேல் ஆசையும் வந்திருந்தது. டோல் எங்கேயோ அங்கே கடலை. எவ்வளவு நியாயம்.

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. பலம் கொண்ட மட்டும் கயிற்றை இழுத்தார். அவள் தலையைத் தூக்கினாள், காதுகள் பின்னால் படிந்தன, அந்தப் பழைய உதறல் கழுத்தில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஒரு பக்கம் சரிந்தார். நான் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். லாத்தா கூட்டத்துக்குள் வந்து பெரியவருக்கு எதிரில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“மச்சான், கயித்த விடுங்க.”

அவர் விடவில்லை. லாத்தா இரண்டாம் தடவை சொல்லவுமில்லை, கையை நீட்டவுமில்லை. அங்கேயே நின்றார். பெரியவர் லாத்தாவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், சுற்றிய கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். குதிரை நேராக என்னிடம் வந்து டோலின்மேல் தாடையை வைத்தாள்.

அங்கிருந்து மண்டபம்வரை நான் பின்பக்கமாகவே நடந்தேன். முன்னால் பார்த்து நடந்தால் அவள் என் முதுகில் இடிப்பாள். நான் அடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க, கயிறு யார் கையிலும் இல்லாமல் தொங்க, அவள் டோலைப் பார்த்தபடி அழகாக நடந்து வந்தாள். பள்ளம், சாக்கடை மூடி, ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் லாத்தா எனக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டாருக்கு ஒரே குஷி. ஏதோ நாங்கள் தனியாகப் பழக்கி வைத்த வித்தை என்று நினைத்து எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். பெரியவர் மட்டும் பக்கத்திலேயே இரண்டு கையையும் விரித்தபடி நடந்தார். அவர் உதடு துஆ ஓதிக்கொண்டே இருந்தது. அந்த வயதில் அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

மறுநாள் காலை தபேலா வாசலில் ஒரு டெம்போ நின்றது. கடற்கரைக்காரர் அனுப்பிய வண்டி. கயிறு இல்லாத குதிரையின் பக்கத்தில் இனி ஒரு தெருகூட நடக்கத் தன்னால் முடியாது என்று பெரியவர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பியின் இடுப்பைக் காட்டிப் பேசுகிறவரிடம் தம்பி என்ன பேசுவார்?

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் என்னைப் பார்த்து ஆறுதலோடு மூச்சு விட்டார்.

“நல்ல வேள வந்தீரு. டோல எடுத்துட்டு வாரும். வண்டியில ஏறி நின்னு ரெண்டு அடி அடியும், பின்னாடியே ஏறிருவா.”

அவர் சொன்னது உண்மை. ஏறிவிடுவாள். நான் லாத்தாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு கண்ஜாடை காட்டியிருந்தால்கூடப் போதும். அவர் காட்டவில்லை.

“அது உங்க இஷ்டம்ணே. அடிச்சா வருவா.”

லாத்தா மீது எனக்குக் கோபம் வந்தது என்றால் அப்போதுதான். இந்த நேரத்தில்கூட ஒரு ஆளை இழுக்க மாட்டீர்களா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பெரியவரிடம், நான் அடிக்க மாட்டேன் என்று சொன்னேன். மாஸ்டரிடம்கூட இத்தனை வருடத்தில் அடிக்க மாட்டேன் என்று நான் சொன்னதே கிடையாது.

பெரியவர் தானே உள்ளே போனார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். குதிரை முன்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். தழும்பு விழுந்த வாய் திறந்து பல் தெரிந்தது. அவர் இன்னும் இழுத்தார்.

“இழுத்தா வந்துருவா மச்சான்,” என்றார் லாத்தா. “சந்தையிலிருந்து அப்படித்தான வந்தா.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரல்தான். பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள் தளர்ந்தது. கயிறும் தளர்ந்தது. அப்படியே நின்றார். டெம்போ டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். யாரும் அசையவில்லை. வெகு நேரம் கழித்து அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள், இன்னொரு அடி, அவருடைய ஜிப்பாப் பையை மோந்தாள். ஓட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் குதிரையோடு பிழைத்தவரிடம் ஒரு குதிரை தானாக வந்தது அன்றைக்குத்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் வாசலுக்கு வந்து டிரைவரிடம், “வரமாட்டேங்கா. நீ போ,” என்றார். தமிழில் சொல்லிவிட்டோம் என்பது நினைவு வந்து, அதையே இந்தியிலும் சொன்னார்.

டிரைவர் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். போனை எடுத்துத் தன் முதலாளியிடம், குதிரை வரமாட்டேன் என்று சொல்கிறது என்றான். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “இல்ல சேட், அவங்க இல்ல. குதிரைதான்,” என்று பொறுமையாக விளக்கினான்.